கண்காணிப்பும் கண்டும் காணாமையும்

நூல் ஒன்றைத் திறனாயப் புகுவோர், அந்நூல் தம் கைக்கு வந்து சேர்ந்த வழியை முதற்கண் சொல்லிவிடுவது நேர்மை எனக் கருதுகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் பங்குப் பேரவைக் கூட்டத்தில் இளைஞர் ஒருவர் ஒரு கருத்தை முன்வைத்தார். குடும்பப் பதிவேடுகள் செல்லரித்துப் போகின்றன. அவற்றை ஒரு கைப்பேசிச் செயலியில் ஏற்றிவிட்டால் எந்தக் குடும்பத்தின் விவரத்தையும் நொடிப்பொழுதில் எடுத்துவிடலாம். அச்செயலிக்குக் கட்டணமும் இல்லை என்றார். பேரவையினர் மகிழ்ந்தனர். நானும் மகிழ்ந்தேன். ஆனால் அன்றிரவு பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தபோது என் மகிழ்ச்சி தணிந்தது. திருமுழுக்கு, திருமணத் தேதிகள் மட்டுமா அதில் இருந்தன? எனக்கு முன்பிருந்த அருள்பணியாளர்கள் ஓரங்களில் பென்சிலால் எழுதிவைத்த குறிப்புகளும் இருந்தன. இந்த வீட்டில் கணவர் பிரிந்து வாழ்கிறார். அந்த வீட்டில் மகனுக்கு மனநோய். இன்னொரு வீட்டுக்கு வின்சென்ட் தே பவுல் சபையார் மாதந்தோறும் அரிசி கொடுக்கின்றனர். அண்டை வீட்டாருக்குத் தெரிய வேண்டாம்.

மறுநாள் அவ்விளைஞரை அழைத்து, "தம்பி, இலவசமாகத் தருகிறவர்களுக்குச் சோறு போடுவது யார்?" என்று கேட்டேன். "விளம்பரக்காரர்கள், சாமி" என்றார் தயங்காமல். பிறகு சற்றே யோசித்து, "அவர்களிடம் விற்க நம்மிடம் என்ன இருக்கிறது என்றுதானே கேட்கிறீர்கள்?" என்றார். சில வாரங்கள் கழித்து அவரே இந்நூலை வாங்கி வந்து என் மேசைமீது வைத்தார். அவருடைய வினாவுக்கு இந்நூல் விடை தருகிறதா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலும் ஆசிரியரும்

ஷோஷனா சூபோஃப் ஹார்வர்டு வணிகக் கல்விக்கூடத்தில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தவர். தொழிற்சாலைக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் கணினி நுழையும்போது அறிவு யாரிடம் சேர்கிறது, அதிகாரம் யாரிடம் சேர்கிறது என்னும் வினாவை 1988இலேயே ஒரு நூலில் எழுப்பியவர். அவ்வினாவை மனித வாழ்வு முழுமைக்கும் விரித்துக் கேட்பதே 2019 ஜனவரியில் ஆங்கிலத்தில் வெளிவந்த 'தி ஏஜ் ஆஃப் சர்வைலன்ஸ் கேப்பிட்டலிசம்' என்னும் நூல். 'கண்காணிப்பு முதலாளியத்தின் காலம்' என நாம் அதைத் தமிழிற் கூறலாம். ஏறத்தாழ 700 பக்கங்கள். இயல்களின் முகப்பில் கவிஞர் ஆடனின் வரிகளைப் பொறித்துள்ளார். ஆனால் உள்ளே நுழைந்தால் நடை எளிதன்று. ஒரே கருத்து பலமுறை திரும்ப வருகிறது. புதிய கலைச்சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. பொறுமையுடன் படிப்போர்க்கே இந்நூல் பயன்தரும்.

அப்பொறுமைக்குப் பரிசு உண்டு. நாம் அனைவரும் மங்கலாக உணர்ந்த ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டுகிறார். பெயரில்லாத தீமையை எதிர்ப்பது அரிது. ஒரு நோய்க்குப் பெயர் வைப்பதே பாதி மருத்துவம் எனலாம்.

உபரி என்னும் கரு

அவர் சொல்லும் வரலாற்றின் சுருக்கம் இது. 1998இல் கூகுள் நிறுவனம் தோன்றியது. மக்கள் அதில் சொற்களைத் தேடினர். தேடும்போது அவர்கள் அறியாமலே சில எச்சங்களை விட்டுச் சென்றனர்: எந்தச் சொல்லைத் தேடினர், எப்படிப் பிழையாக எழுதினர், எந்த ஊரிலிருந்து, எந்த நேரத்தில், எதைத் தொட்டனர், எதைத் தொடாமற் கடந்தனர் என்பன போன்றவை. முதலில் இவ்வெச்சங்கள் தேடுபொறியைச் செம்மைப்படுத்தவே பயன்பட்டன. மக்கள் கொடுத்தது மக்களுக்கே திரும்பி வந்தது. அதுவரை குறையொன்றுமில்லை.

அந்நிறுவனத்தைத் தொடங்கிய இருவரும் 1998இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், விளம்பரத்தால் பிழைக்கும் தேடுபொறி தேடுவோர் பக்கம் நில்லாமல் விளம்பரக்காரர் பக்கமே சாயும் என்று எச்சரித்திருந்தனர். ஆனால் 2000ஆம் ஆண்டில் இணைய வணிகங்கள் சரிந்தபோது முதலீட்டாளரின் நெருக்குதல் அந்த எச்சரிக்கையை வென்றது. செம்மைப்படுத்தும் தேவைக்கும் மிஞ்சிய எச்சங்களைக் கொண்டு, இன்னார் இதைத் தொடுவார் என்று முன்கூட்டியே கணித்து, அக்கணிப்பை விளம்பரக்காரருக்கு விற்கத் தொடங்கினர். 2001இல் ஏறத்தாழ 8 கோடியே 60 லட்சம் டாலராயிருந்த வருவாய் 2004இல் ஏறத்தாழ 319 கோடி டாலராயிற்று. மிஞ்சிய இவ்வெச்சத்தையே சூபோஃப் 'நடத்தை உபரி' என்கிறார். இங்குப் பயனர் வாடிக்கையாளர் அல்லர். மூலப்பொருள் எடுக்கப்படும் நிலமாகிறார். வாடிக்கையாளர் வேறோரிடத்தில் இருக்கிறார்.

2008இல் கூகுளின் விளம்பரத் துறையிலிருந்து முகநூலுக்குச் சென்ற ஷெரில் சாண்ட்பர்க் என்னும் அலுவலர் வழியாக இம்முறை சமூக ஊடகத்துக்கும் பரவியது என்பது நூலாசிரியரின் கருத்து. கணிப்பு பிழையாதிருக்க வேண்டுமானால் மூலப்பொருள் பெருக வேண்டும். ஆகவே மேசைக் கணினியிலிருந்து கைப்பேசிக்கும், கைப்பேசியிலிருந்து கைக்கடிகாரத்துக்கும் வீட்டுக் கருவிகளுக்கும் இவ்வறுவடை விரிந்தது.

அதன் அடுத்த படிதான் அச்சந்தருவது. ஒருவர் என்ன செய்வார் என்பதைக் கணிப்பதைவிட, அவரைச் செய்யவைப்பது உறுதியான வழியன்றோ? 2012 ஜனவரியில் ஒரு வார காலம், 6,89,003 பயனர்களின் முகநூல் பக்கத்தில் மகிழ்ச்சிச் செய்திகளையோ துயரச் செய்திகளையோ குறைத்துக் காட்டி, அவர்கள் எழுதுவது மாறுகிறதா என்று சோதித்தனர். மாறியது, மிகச் சிறிய அளவில் மாறியது. இம்முடிவு 2014இல் ஆய்விதழில் வெளிவந்தபோதுதான் உலகம் அறிந்தது. தாம் சோதனைப் பொருளாயிருந்ததை அப்பயனர்கள் அறியவில்லை. மாற்றம் சிறிது என்பதால் ஆறுதல் கொள்ள முடியவில்லை. ஒருவரது துயரத்தை அவரைக் கேளாமலே கூட்டவும் குறைக்கவும் ஒரு கை நீண்டதே, அதுவே கருதத்தக்கது.

கண்காணி, கங்காணி

இந்நூலைத் தமிழிற் சிந்திக்கும்போது மூல ஆசிரியர் அறிய வாய்ப்பில்லாத ஒரு நினைவு நமக்கு எழுகிறது. 'கண்காணிப்பு' என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரு வரலாறுகள் உண்டு. பழைய விவிலிய மொழிபெயர்ப்புகளில் திருச்சபையை மேற்பார்ப்பவர் 'கண்காணி' எனப்பட்டார். அது மந்தையைக் காக்கும் கண். அதே சொல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலும் 'கங்காணி' என வழங்கியது. அது வேறு கண்.

கங்காணி அந்நியர் அல்லர். தொழிலாளரின் ஊர்க்காரர், பல வேளை உறவினர், இனிமையாகப் பேசுபவர். வழிச்செலவுக்கு முன்பணம் கொடுப்பார். அன்று அது உதவியாகவே தோன்றும். தோட்டத்தில் ஒவ்வொரு நாளும் எத்தனை பேரை வேலைக்கு இறக்கினாரோ அத்தனை தலைக்கும் அவருக்குக் காசு உண்டு. இலங்கையில் 'துண்டு' என்றொரு சீட்டும் இருந்தது. இத்தொழிலாளர்களின் கடன் இவ்வளவு, அதைத் தீர்ப்பவர் இவர்களை அழைத்துக்கொள்ளலாம் என்று எழுதிய சீட்டு அது. அச்சீட்டு ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குச் செல்லும். ஆட்களும் அதன்பின் செல்வர். அதில் என்ன எழுதியிருந்தது என்பதைப் படிக்க அவர்களுள் பெரும்பாலோர்க்கு எழுத்தறிவு இல்லை. 1921இல்தான் சட்டம் அம்முறையை ஒழித்தது.

இவ்வொப்புமையை மிகைப்படுத்தலாகாது. பட்டினியால் கடல் கடந்தவரையும் பொழுதுபோக்குக்காகப் படம் பார்ப்பவரையும் ஒரு தட்டில் வைப்பது அத்தோட்டங்களில் மாண்டவர்களுக்கு இழைக்கும் அநீதி. எனினும் ஒரு கூறு ஒத்திருக்கிறது. தன்னைப் பற்றிய சீட்டு தன் கண்ணெதிரே கைமாறுகிறது. அதைத் தன்னால் படிக்க இயலவில்லை. அதை எழுதியவர் இனிய முகத்தோடு முதலில் ஏதோ ஒன்றை இலவசமாகக் கொடுத்தவர்.

ஒப்புதல் என்னும் புனைவு

'நீங்கள்தாமே ஒப்புக்கொண்டீர்கள்' என்று நிறுவனங்கள் மறுமொழி கூறும். அறநெறி இயல் பயின்றோர் அறிவர்: ஓர் ஒப்புதல் ஒப்புதலாக இருக்க இரண்டு தேவை. ஒன்று, எதற்கு ஒப்புகிறோம் என்னும் தெளிவு. மற்றொன்று, மறுக்கும் விடுதலை. இவ்விரண்டும் இருக்கின்றனவா?

தெளிவைப் பார்ப்போம். ஓர் அமெரிக்கர் தாம் செல்லும் இணையதளங்களின் தனியுரிமை அறிக்கைகளை எல்லாம் படிக்க முனைந்தால் ஆண்டுக்கு 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2008இல் கணக்கிட்டனர். திறன்பேசி பரவுமுன் செய்த கணக்கு அது.

விடுதலையைப் பார்ப்போம். கைப்பேசியைக் கைவிளக்காக்கும் ஒரு செயலியைப் பற்றி அமெரிக்க ஒன்றிய வணிக ஆணையம் 2013 டிசம்பரில் நடவடிக்கை எடுத்தது. கோடிக்கணக்கானோர் இறக்கிக்கொண்ட செயலி அது. பயனர் இருக்கும் இடத்தையும் கருவியின் அடையாள எண்ணையும் விளம்பர நிறுவனங்களுக்கு அது அனுப்பியது. 'ஏற்கிறேன்', 'மறுக்கிறேன்' என்று இரு பொத்தான்கள் இருந்தன. ஆனால் பயனர் அவற்றுள் ஒன்றைத் தொடுமுன்பே செய்தி சென்றுகொண்டிருந்தது என்று ஆணையம் குற்றஞ்சாட்டியது. வாக்குறுதி கேட்பதற்கு முன்பே தாலி கட்டிவிட்டு மணமகளின் சம்மதத்தைப் பற்றிப் பேசுவது போன்றது இது.

மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும். பிறருக்குரியதை நாம் ஒப்புக்கொடுக்க இயலாது. ஒரு செயலி நம் தொலைபேசி எண் பட்டியலைக் கேட்கிறது, நாம் இசைகிறோம். அப்பட்டியலிலுள்ள 300 பேரும் இசைந்தனரா? 2018இல் வெளிப்பட்ட கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா நிகழ்வு இதற்குச் சான்று. ஓர் ஆளுமைத் தேர்வுச் செயலியை முகநூலில் ஏற்றவர்கள் ஏறத்தாழ 2,70,000 பேர். அவர்களுடைய நண்பர் பட்டியல் வழியாகத் தரவு எடுக்கப்பட்டவர்களோ 8 கோடியே 70 லட்சம் பேர்வரை என்று அந்நிறுவனமே மதிப்பிட்டது. 'தனிநபர் தரவு' என்கிறோம். அதில் தனிநபர் ஒருவர் மட்டும் இருப்பதே இல்லை. சூபோஃப் இந்நிகழ்வைக் குறிப்பிட்டாலும், அவருடைய சிந்தனையின் நடுவில் நிற்பது தனிமனிதரும் அவரது இல்லமுமே. குடும்பமாகவும் சுற்றமாகவும் வாழும் நமக்கு இது ஒரு குறையாகத் தோன்றுவது இயல்பு.

நூலின் குறைகள்

இதிலிருந்து நூலின் குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, நல்ல முதலாளியம் ஒன்று இருந்தது, அது வழிதவறிவிட்டது என்பதுபோல் அவர் எழுதுகிறார். ஆப்பிள் நிறுவனத்தைப் பெரும்பாலும் நல்லோர் வரிசையில் நிறுத்துகிறார். அதற்குக் காரணம் உண்டு. 2021 ஏப்ரலில் அந்நிறுவனம், பயனரைக் கேளாமல் எந்தச் செயலியும் அவரைப் பிற செயலிகளிலும் தளங்களிலும் பின்தொடரலாகாது என்று விதித்தது. அதனால் 2022இல் ஏறத்தாழ 1,000 கோடி டாலர் இழப்பு வரும் என்று முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனம் கூறிற்று. ஒரு சிறு வினாவைப் பயனரிடம் நேர்மையாகக் கேட்டதற்கு இத்தனை விலை என்றால், அதுவரை கேளாமலே எடுத்தது எவ்வளவு! ஆனால் அதே 2022இல், தன் கருவிகளில் கூகுள் தேடுபொறியை முதலிடத்தில் வைப்பதற்காக ஆப்பிள் 2,000 கோடி டாலர் பெற்றதை அமெரிக்க நீதிமன்ற ஆவணங்கள் பின்னர்க் காட்டின. வாயிலைக் காப்பவரும் வாடகை வாங்குகிறார். நல்லோர், தீயோர் என்ற பிரிப்பு அவ்வளவு எளிதன்று.

இரண்டாவது, தனியுரிமையைக் கதவடைத்த வீடாகவே இந்நூல் கற்பனை செய்கிறது. ஓரறை வீட்டில் அறுவர் உறங்கும் ஊர்களில், ஒரு கைப்பேசியைக் குடும்பமே பயன்படுத்தும் இல்லங்களில், அக்கற்பனை பொருந்துமா? 'தனியுரிமை மேல்நாட்டார் ஆடம்பரம். நம் ஊரில் எல்லாருக்கும் எல்லாம் தெரியுமே' என்று சொல்வோரை நான் அறிவேன். இவ்வாதத்தைக் கருத்துடன் ஆய்தல் வேண்டும்.

ஆம், நம் ஊரில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, யார் மகள் கோபித்துக்கொண்டு தாய்வீடு வந்திருக்கிறாள் என்பதெல்லாம் தண்ணீர்க் குழாயடியில் தெரிந்துவிடும். அந்த அறிவு கொடுமையாவதும் உண்டு. சாதியின் கண்ணும் அதே குழாயடியில்தான் நிற்கிறது. ஆனால் ஊரார் அறிவுக்கு இரு எல்லைகள் உள்ளன. ஒன்று, அது இருவழிப்பட்டது. என்னை அறிந்தவளை நானும் அறிவேன். அவள் வரம்பு மீறினால் அவள் வீட்டுக் கதையை எடுத்துரைக்க எனக்கு வாயுண்டு. மற்றொன்று, நம் மக்களிடம் 'கண்டும் காணாமல் இருத்தல்' என்னும் ஒரு பண்பு உண்டு. கடன் கேட்க வந்தவரைப் பார்த்தும் பாராதவர்போல் திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே போகிறாரே முதியவர், அவர் அறியாதவர் அல்லர். அறிந்ததைப் பயன்படுத்த மறுப்பவர்.

நிறுவனத்தின் கண்ணுக்கு இவ்விரண்டு எல்லைகளும் இல்லை. அது நம்மை அறியும்; நாம் அதை அறியோம். அது கண்டதைக் காணாததாகக் கொள்ளாது. கண்டவை யாவும் அதற்குச் சரக்கு. ஆகவே நம் ஊர்வழக்கு தனியுரிமைக்கு எதிரான சான்றாகாது. கதவில்லாத வீட்டிலும் மானம் காத்த ஒரு பண்பாடு எதை இழக்கிறது என்பதற்கே அது சான்று. 2017 ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர் அமர்வு, தனியுரிமை அரசியலமைப்பு காக்கும் அடிப்படை உரிமை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தபோது, அது மேட்டுக்குடியினரின் கவலை என்னும் வாதத்தையும் மறுத்தது என்பதை நினைவிற் கொள்ளலாம்.

மூன்றாவது, புகலிடம் பற்றியது. புகலிட உரிமை பற்றி ஓர் இயலே இந்நூலில் உள்ளது. பிறர் கண்படாத அக இடம் மனிதருக்கு வேண்டும் என்கிறார் ஆசிரியர், உண்மை. ஆனால் இடைக்கால ஐரோப்பாவில் கோவிலுக்குள் ஓடிப் புகலிடம் தேடியவர் யார் கண்ணிலும் படாமல் ஒளிந்தவர் அல்லர். அவர் உள்ளே இருப்பதை ஊரே அறியும். துரத்தி வந்தவர் வாயிலிலேயே நின்றனர். அறிந்தவர் கை நீளாதிருந்ததே புகலிடத்தின் பொருள். ஆதலின் தனியுரிமைச் சட்டமும் எதை அறியலாம் என்பதோடு நில்லாமல், அறிந்ததைக்கொண்டு எதைச் செய்யலாகாது என்பதை வரையறுக்க வேண்டும்.

நம் வீட்டு வாசலில்

இதுவரை கூறியது பிறரைப் பற்றியது. இனிக் கூறுவது நம்மைப் பற்றியது. கூறாமல் விட மனச்சான்று இடந்தரவில்லை.

பல செயலிகளுக்குள் விளம்பர நிறுவனங்களின் மென்பொருள் துணுக்குகள் உள்ளன. அவை கைப்பேசியின் விளம்பர அடையாள எண்ணையும், அது இருக்கும் இடத்தையும், நேரத்தையும் அனுப்புகின்றன. தரவுத் தரகர்கள் அவற்றைத் திரட்டி விற்கின்றனர். 'பெயர் இல்லையே' என்பது அவர்களது விடை. ஆனால் இரவெல்லாம் ஒரு கூரையின்கீழும் பகலெல்லாம் ஓர் அலுவலகத்திலும் இருக்கும் கருவி யாருடையது என்று காண்பது எத்துணை அரிது? 15 லட்சம் பேரின் 15 மாத நடமாட்டத்தை ஆய்ந்து 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நான்கு இட, நேரப் புள்ளிகள் இருந்தாலே 95 விழுக்காட்டினரின் தடத்தைத் தனித்துப் பிரித்துவிடலாம் என்று காட்டிற்று.

தொழுகை நேரமும் திசையும் காட்டும் ஒரு செயலி பயனரின் இடத்தை அறிவது தேவையே. ஆனால் அவ்விடத் தரவு எக்ஸ்மோட் என்னும் தரகு நிறுவனத்துக்குச் சென்றதும், அந்நிறுவனத்தின் வாடிக்கையாளருள் அமெரிக்கப் படைத்துறையின் ஒப்பந்தக்காரர்கள் இருந்ததும் 2020 நவம்பரில் வெளிப்பட்டன. செயலியார் அத்தொடர்பை முறித்துக்கொண்டனர். 2024 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையம், மருத்துவமனை, வழிபாட்டிடம் போன்ற நுண்ணிய இடங்களின் தரவை அந்நிறுவனம் விற்கலாகாது எனத் தடுத்தது. முழந்தாளிட்ட இடமும் சந்தைக்கு வந்தது.

கத்தோலிக்கர் நாம் இதை அயலாரின் துன்பமாகக் கேட்டுவிட்டுச் செல்ல இயலாது. 2021 ஜூலையில் அமெரிக்க ஆயர் பேரவையில் உயர்பொறுப்பிலிருந்த அருள்பணியாளர் ஒருவர் பதவி விலகினார். விலைக்குக் கிடைக்கும் செயலித் தரவைக் கொண்டு அவரது கைப்பேசியின் தடத்தைப் பின்தொடர்ந்து, துணைதேடும் செயலி ஒன்றை அவர் பயன்படுத்தியதாக ஒரு கத்தோலிக்கச் செய்தியேடு எழுதியிருந்தது. 2023 மார்ச்சில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ், கத்தோலிக்கப் பொதுநிலையினர் குழு ஒன்று இத்தகைய தரவை வாங்கக் குறைந்தது 40 லட்சம் டாலர் செலவிட்டு, கண்டறிந்தவற்றை ஆயர்களிடம் அளித்தது என்று வெளியிட்டது.

குருக்கள் தம் வாக்குறுதிக்கு உண்மையாயிருக்க வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. குற்றம் மறைக்கப்பட்டதால் எளியோர் பட்ட காயங்களை நம் தலைமுறை அறியும். அதனாலேயே இச்செயலை நியாயம் எனக் கருதுவோர் உள்ளனர். அவர்கள் வாதத்தை எளிதில் தள்ளிவிட மாட்டேன். எனினும் குற்றம் புரிந்தார் என்று எவரும் புகார் கூறாத நிலையில், ஒரு கூட்டத்தார் அனைவருடைய தடங்களையும் விலைக்கு வாங்கி, அதற்குள் குற்றத்தைத் தேடுவது வேறு. ஒருவரது நற்பெயரைச் சட்டத்துக்குப் புறம்பாகக் கெடுக்கவோ அவரது தனிமை உரிமையை மீறவோ எவருக்கும் உரிமையில்லை என்பது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 220ஆம் எண் தரும் பொருள். தூய நோக்கம் கொண்ட கையிலும் கங்காணியின் துண்டு துண்டாகவே இருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

தனித்தனியே ஒளிந்துகொள்வதால் பயனில்லை. சட்டமும் மக்கள் எழுச்சியும் வேண்டும் என்கிறார் சூபோஃப். பெரும்பாலும் ஒப்புகிறேன். நம் நாட்டில் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. 2025 நவம்பரில் அதன் விதிகள் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வரவுள்ளன. ஆனால் அரசுத் துறைகளுக்கு அச்சட்டம் தரும் விலக்குகள் விரிவானவை. சட்டம் வரும்வரை கைகட்டி நிற்பதும் அறிவுடைமை ஆகாது.

ஆகவே அவ்விளைஞரோடு அமர்ந்து என் கைப்பேசியின் அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். வாசகரும் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு கருவிகளில் விளம்பர அடையாள எண்ணை அழிக்கும் வசதி உண்டு. ஐபோனில், பின்தொடர இசைவு கேட்பதையே செயலிகளுக்கு மறுத்துவிடலாம். இருப்பிடம், ஒலிவாங்கி, எண் பட்டியல் ஆகியவற்றுக்கான இசைவைச் செயலி செயலியாகப் பார்த்து, தேவையற்றதைப் பறிக்கலாம். இருப்பிடம் தேவையெனில், 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று வரையறுக்கலாம். கூகுள் கணக்கில் இருப்பிட வரலாற்றை நிறுத்தினால் மட்டும் போதாது. இணைய, செயலிச் செயற்பாட்டுப் பதிவையும் நிறுத்த வேண்டும். முதலாவதை நிறுத்தியும் இரண்டாவதன் வழியே இருப்பிடம் சேமிக்கப்பட்டதை 2018இல் அசோசியேட்டட் பிரஸ் வெளிப்படுத்தியது. அதன் தொடர்ச்சியாக 2022 நவம்பரில் 40 அமெரிக்க மாநிலங்களுக்கு 39 கோடி டாலருக்கு மேல் கொடுத்து அந்நிறுவனம் வழக்கைத் தீர்த்துக்கொண்டது. பயன்படுத்தாத செயலிகளை நீக்கிவிடலாம். இத்தனை செய்தும் தொலைபேசிக் கோபுரம் நம்மை அறியும். நிறுவனங்கள் வேறு வழி தேடும். முழுவிடுதலை இல்லை. ஆயினும் கதவில் தாழ்ப்பாள் இடுவது திருடர் உலகில் ஒழிந்துவிடுவர் என்ற நம்பிக்கையினால் அன்று.

இந்த ஒரு மணி நேரத்தில் நான் கற்றது வேறொன்று. என் கைப்பேசியின் எண் பட்டியலில் 1,100 பேர் இருந்தனர். அவர்களுள் பலர் நள்ளிரவில் அழுது அழைத்தவர்கள். அப்பட்டியலைப் பார்க்க ஏழு செயலிகளுக்கு நான் இசைவு கொடுத்திருந்தேன். எப்போது கொடுத்தேன் என்பது நினைவில்லை.

முடிவாக

நூலை மூடியபின் மீண்டும் பதிவேட்டை எடுத்தேன். திருச்சபையும் தரவு திரட்டும் அமைப்பே என்பதை நாம் மறுக்க முடியாது. 1563இல் திரிதெந்தின் பொதுச்சங்கம் திருமணப் பதிவேட்டைக் கட்டாயமாக்கிய நாளிலிருந்து நாம் எழுதிவருகிறோம். ஆகவே நிறுவனங்களிடம் கேட்கும் வினாவை நம்மிடமும் கேட்க வேண்டும்: இதை ஏன் எழுதுகிறோம், யார் காண்பார், எப்போது அழிப்போம்?

பேரவையில் பேசி முடிவு செய்தோம். சான்றிதழ் வழங்கத் தேவையான பெயரும் தேதியும், இணையத்தோடு இணையாத ஒரு கணினியில் ஏறும். பதிவேடுகளை நல்ல தாளில் பெயர்த்தெழுதிப் பைண்டு செய்வோம். ஓரக் குறிப்புகள் எங்கும் ஏறா. அவ்விளைஞரே அக்கணினிப் பணியை ஏற்றுக்கொண்டார்.

அன்று அவரோடு பதிவேட்டைப் புரட்டியபோது ஒரு பக்கத்தில் விரல் நின்றது. கணவர் பிரிந்து சென்றார் என்று எப்போதோ எழுதி, பின்னர் இரப்பரால் அழித்த தடம். தாளை வெளிச்சத்தில் சாய்த்தால்தான் தெரிந்தது. அவர் திரும்பி வந்திருக்க வேண்டும். எனக்கு முன்பிருந்தவர்கள் இக்குறிப்புகளை ஏன் பேனாவால் எழுதவில்லை என்பது அப்போது விளங்கிற்று. அழிக்க இயலாத மையில் எழுதத்தக்கவை சில. பென்சிலால் மட்டுமே எழுதத்தக்கவை சில. எவை எவை என்று அறிந்திருந்த அம்முதியவர்களிடம், 700 பக்க நூல் எழுதிய பேராசிரியரும் நானும் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு.